சில்வரின் ஊன்றுகோல்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த கடற்கொள்ளையர் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு குறை. ஸ்டீவன்சன் எழுதிய ‘புதையல் தீவு’ (Treasure Island) நாவலில் வரும் லாங் ஜான் சில்வரைக் கால் போன கசப்புதான் கொள்ளைக்காரனாக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். கதையில் அப்படி இல்லை. இரண்டு காலோடு இருந்தபோதே அவன் கடற்கொள்ளைக்காரன்; கேப்டன் ஃபிளின்ட்டின் கொள்ளைக் கப்பலில் குவார்ட்டர்மாஸ்டராக, அதாவது கேப்டனுக்கு அடுத்த பொறுப்பில், இருந்தவன். கால் போனதே அந்தத் தொழிலில்தான். அதே பீரங்கித் தாக்குதலில்தான் கூட்டாளி பியூவுக்குக் கண்ணும் போயிற்று. ஆனால் புதையல் தேடக் கப்பல் ஏற்பாடு செய்யும் பண்ணையார் ட்ரெலானியிடம், பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் ஹாக்கின் கீழ் நாட்டுக்காகச் சண்டை போட்டு இழந்ததாகக் கதை விடுகிறான். அவரும் உருகிப்போய்க் கப்பலில் சமையல்காரனாகச் சேர்த்துக்கொள்கிறார். இல்லாத காலை வைத்தே நல்ல பெயர் வாங்கிய ஆள்!

கதை சொல்லும் சிறுவன் ஜிம்முக்கு ஒற்றைக்கால் மாலுமி முதலில் ஒரு கெட்ட கனவு. அப்படி ஒருவன் வருகிறானா என்று பார்த்துச் சொல்ல, ஜிம் வீட்டு விடுதியில் தங்கியிருக்கும் பழைய கொள்ளைக்காரன் பில்லி போன்ஸ் மாதம் நாலு பென்னி தருகிறான். பிறகு பிரிஸ்டல் மதுக்கடையில் சில்வரை நேரில் பார்த்தால், கலகலப்பான மனிதன், பறவை மாதிரித் தத்தித் தத்தி மேஜைக்கு மேஜை போகிறான். ஜிம்மின் சந்தேகம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

அப்புறம், உங்கள் படத்தில் இருந்த மரக்கால். நாவலின் வர்ணனையில் அது கிடையாது. இடது கால் இடுப்பை ஒட்டியே போய்விட்டது. இருப்பது ஊன்றுகோல் மட்டும். கப்பலில் சமைக்கும்போது இரண்டு கையும் வேண்டுமே, அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். தீவில் தன் கலகத்துக்கு இணங்க மறுத்து நடந்துபோகும் மாலுமி டாமின் முதுகில் அதையே எறிந்து வீழ்த்தி, தாவிப் போய்க் கத்தியால் குத்துகிறான். மரக்காலை இப்படிக் கழற்றி வீச முடியுமா?

ஸ்டீவன்சன் இவனை உருவாக்கியது தன் நண்பர், கவிஞர் ஹென்லியைப் பார்த்து. காசநோயால் ஒரு காலை இழந்தும் கம்பீரமாக வாழ்ந்தவர் அவர். 1883-ல் அவருக்கு எழுதிய கடிதத்திலேயே ஸ்டீவன்சன் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கசப்பு சில்வரிடம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜிம்மின் தரப்பினர் தங்கியிருக்கும் மரக்கோட்டைக்குச் சமாதானம் பேச வரும்போது ஊன்றுகோலை வேலிக்கு அப்பால் வீசிவிட்டுத் தானே லாகவமாக ஏறிக் குதிக்கிறான். பேச்சு முறிகிறது. மணலில் உட்கார்ந்திருப்பவன் எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொல்லிக் கேட்கிறான். பண்ணையாரின் கப்பல் கேப்டன் ஸ்மாலெட் மறுக்கிறார். மற்றவர்களும், ஜிம் உட்பட, அசையவில்லை. திட்டிக்கொண்டே தவழ்ந்து போய், வாசலைப் பிடித்து எழுந்து, அவர்கள் குடிக்கும் ஊற்றில் துப்புகிறான். வந்தபோது சுலபமாகத் தாண்டிய வேலியை, திரும்பும்போது நாலைந்து முறை தவறி, இன்னொருவன் உதவியோடுதான் தாண்டுகிறான். நீங்கள் சொல்லும் கசப்பை நான் பார்ப்பது அங்கே மட்டும்தான். அதுவும் கால் போனதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவரும் கை கொடுக்காததற்காக.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை