ஆதிமூலம் சாருக்கு ஒரு கடுதாசி

அன்புள்ள ஆதிமூலம் சார்,

உங்களோடு எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. உங்களுக்கு அது தெரியாது, என் பக்கத்துத் தகராறு மட்டும்தான். கோட்டோவியத்தில் இவ்வளவு செய்த ஓவியர் அதோடு நிற்காமல் ஏன் வண்ணத்துக்குப் போனார்?

நீங்கள் எனக்குக் கேலரியில் அறிமுகமானவர் இல்லை. அப்பா பரணில் கட்டிப் போட்டிருந்த பழைய ஜூனியர் விகடன்களில்தான் உங்களைப் பார்த்தேன். எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு நீங்கள் வரைந்த ஆட்களை முதலில் படமாகப் பார்த்து, அப்புறம்தான் எழுத்தைப் படித்தேன். இன்றைக்கும் கரிசல் சம்சாரி, அதாவது அந்த மண்ணின் விவசாயி, என்றால் உங்கள் கோட்டில்தான் எனக்குள் எழுந்து நிற்கிறார்.

பிறகு காந்தி. நாலு கோட்டில் முடித்துவிடக்கூடிய மனிதர் அவர்: வட்டக் கண்ணாடி, வழுக்கை, தடி, இடுப்புத் துண்டு. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி நீங்கள் அவரை ஏறக்குறைய நூறு முறை வரைந்தீர்கள். கோட்டின் மேல் கோடாக இழுத்து, ஒரு புதரிலிருந்து முகம் வெளியே வருவது மாதிரி கொண்டுவந்தீர்கள். மார்பில் பதக்கமும் முகத்தில் களைப்புமாக உங்கள் மகாராஜாக்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித் தனிக் கடுதாசிதான் எழுத வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு உருவம் எதுவும் இல்லாத உங்கள் அரூப ஓவியம் ஒன்றை முதன்முதலாகப் பார்த்தது ஒரு புத்தகத்தில். தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக அச்சாகியிருந்தது. சிவப்பு, கொஞ்சம் மஞ்சள், ஓரத்தில் பச்சை. சரி, வயதாகிவிட்டது, சலித்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மன்னிக்கவும்.

தப்பு எங்கே என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. கோடு பத்திரிகைக்குத் தோதானது. கருப்பு மசி, மலிவான தாள், சுமாரான அச்சு எல்லாவற்றையும் அது தாக்குப்பிடித்துவிடும். அந்தக் காலத்து ‘நடை’, ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களின் வசதிக்குக் கோடு போதுமானதாக இருந்தது, கோடுதான் முடிந்தது. எண்ணெய் வண்ணத்தை அப்படி வீட்டுக்கு அனுப்ப முடியாது. தமிழ் வாசகன் அச்சுக்குள் வந்த பாதி ஆதிமூலத்தை மட்டும் பார்த்துவிட்டு, முழு ஆளையும் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நானும்தான்.

கடைசியில் ஒரு மழை நாளில், நனையாமல் இருக்க ஒதுங்கிய காட்சிக்கூடத்தில், உங்கள் கேன்வாஸ் ஒன்று மாட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது மேட்டின் மேல் நின்று மானாவாரி நிலத்தைப் பார்ப்பது போலிருந்தது. துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர் என்பதால் எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. ஊரைத் தெரிந்துகொண்டு ஓவியத்தில் வயலைத் தேடுவது நம் ஆட்களின் பழக்கம். அதனால் அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் போனேன்.

பக்கவாட்டில் நின்று பார்த்தேன். வண்ணம் தட்டையாக இல்லை. கத்தியால் அப்பி இழுத்த சிவப்பு, இழுப்பு நின்ற இடத்தில் வரப்பு மாதிரி எழும்பி நின்றது. விளக்கு வெளிச்சம் மேலிருந்து விழ, அந்த வரப்பின் கீழே மெல்லிய நிழல். மயிரிழை போல, ஒரே சீராக இல்லாமல், போகப் போகத் தடித்து, அப்புறம் காணாமல் போகும் ஒரு கோடு! யாரும் வரையாத கோடு. இரண்டடி தள்ளி வந்தால் இல்லை, மறுபடி நெருங்கினால் இருக்கிறது. நான் முன்னும் பின்னும் போய் வருவதைக் காவலாளி சந்தேகமாகப் பார்த்தார்.

சிற்பி தனபால் மாஸ்டரிடம் கற்றவர் நீங்கள். சிற்பியின் மாணவருக்கு வண்ணத்துக்கும் ஒரு கனம் உண்டென்று தோன்றியதில் வியப்பில்லை. இதை அந்தத் தீப்பெட்டிப் படம் எப்படிச் சொல்லியிருக்கும்?

2008 பொங்கலன்று நீங்கள் போய்விட்டதால் இதற்குப் பதில் வராது. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். காந்தியின் மூக்கு முடிந்தால் கோடு முடிந்துவிடும், அதை எவரும் பார்த்துச் சொல்லலாம். மூக்கும் முழியும் இல்லாத அந்தச் சிவப்பில், கத்தியைக் கீழே வைக்கலாம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அன்புடன்,
தாமதமாக வந்த ஒரு பார்வையாளன்