வராது என்று சொன்னாயே, அதைப் பற்றி

கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் "அம்மா, எனக்கு கோடிங் வராதும்மா, தப்பான படிப்பை எடுத்துட்டேன்" என்றபோது, "அதெல்லாம் வரும், போய்த் தூங்கு" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று போனை வைத்த மறு நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சில் சொல்ல நினைப்பதெல்லாம் எனக்குத் தப்பிப் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த லிங்க்டு லிஸ்ட் அசைன்மென்ட். ஒவ்வொரு கட்டமும், அதாவது நோடும், அடுத்த கட்டத்தை ஓர் அம்பால் காட்டுகிற பட்டியல்தானே அது. பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், நீ எழுதியது முதல் நோடை மட்டும் காட்டிவிட்டு நின்றுபோகிறது, மூன்று மணி நேரம் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றாய். கோடை நீ அனுப்பவில்லை, ஆனாலும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. முதல் நோடின் அம்பைப் பின்பக்கம் திருப்பியிருப்பாய். அதற்கு முன்னால், அடுத்த நோடு எங்கே இருக்கிறது என்பதை வேறொரு வேரியபிளில் எடுத்து வைத்திருக்க மாட்டாய். அம்பைத் திருப்பியதுமே மீதிப் பட்டியலுக்குப் போகிற ஒரே வழி அறுந்துவிட்டது. அடுத்தது எங்கே என்று லூப், அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி, கேட்கும்போது அங்கே ஒன்றும் இல்லை, அதுவும் முடிந்தது என்று நினைத்து வெளியே வந்துவிடுகிறது. எர்ரர் எதுவும் வராததற்கும் அதுதான் காரணம்.

ஒரு தாளில் நாலு கட்டம் வரை, பென்சிலால் அம்பு போடு. உன் கோடை வரி வரியாகப் படித்து, அந்த வரி சொல்வதை மட்டும் தாளில் செய். நீ நினைத்ததைச் செய்யாதே, வரி சொல்வதைச் செய். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் நாம் எழுத நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது.

நான் படித்த கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது எப்படி வந்தது என்றால், அல்காரிதம் பாடத்தை நான் அப்படியே மனப்பாடம் செய்தேன். எந்த சார்ட்டிங் (வரிசைப்படுத்தும்) முறைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவேன். அப்புறம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு இரண்டிலும் இருக்கிற பெயர்களை எடுக்கும் ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் வைத்து எழுதினேன். நூறு பெயரை வைத்துச் சோதித்தேன், கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது, சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். உண்மையான பட்டியல்கள் வந்தபோது ஒவ்வொன்றிலும் 50,000 பெயர். மாலையில் ஓடவிட்ட நிரல் காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சீனியர் என் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், 50,000 தடவை 50,000 எவ்வளவு என்று கணக்குப் போடச் சொன்னார். 250 கோடி. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் நான் டேட்டாபேஸை வேறு தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி நினைவகத்தில் வைத்துக்கொண்டு பைனரி சர்ச்சில், அதாவது பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடினால், ஒரு பெயருக்கு 16 ஒப்பீடு போதும், தேடலுக்கு மொத்தம் 8 லட்சம்தான். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய அதே பாடம்தான், ஆனால் அது என் வேலையோடு சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குத்தான் நான் அதைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் ஒரு பிழையோடு மல்லுக்கட்டிய நீ, அந்த வயதில் இருந்த என்னைவிட நிஜமாகவே அதிகம் படித்திருக்கிறாய்.

பைனரி சர்ச் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பாதியாகப் பிரி, எந்தப் பாதி என்று பார், திரும்பப் பிரி, அவ்வளவுதான் யோசனை. ஆனால் அது முதலில் 1946இல் வெளியானது, எல்லா அளவுக்கும் சரியாக வேலை செய்கிற வடிவம் பல வருடங்கள் கழித்துத்தான் அச்சில் வந்தது. அதற்கும் பிறகு, ஜாவா என்ற நிரல் மொழியின் சொந்த லைப்ரரியிலேயே (அதோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) அதில் ஒரு பிழை சுமார் 9 வருடம் ஒளிந்திருந்து 2006இல் எல்லோருக்கும் தெரியவந்தது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டினால் அது ஒரு முழு எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட் இடத்தில் அடங்காமல் எதிர்மறை எண்ணாகிவிடும். கூட்டாமல், இரண்டு முனைக்கும் நடுவே உள்ள தூரத்தில் பாதியைக் கீழ் முனையோடு சேர்த்தால் சரியாகிவிடும். அதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், கண்ணு. அவர்களுக்கும் 'வராமல்' இல்லை. இந்த வேலையே அப்படித்தான்.

அப்புறம் நீ கேட்டாயே, ஏஐயே எல்லாம் எழுதித் தருகிறது, நான் எதற்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் போன வாரம் அது எனக்கு எழுதித் தந்ததும் லூப்புக்குள் லூப்தான். பார்க்க அழகாக இருந்தது, சின்னத் தரவில் சரியாக ஓடியது. எனக்கு மணி அடித்தது, ஏனென்றால் நான் ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். உனக்கு அந்த மணி இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதனால் அசைன்மென்டை முதலில் நீயே எழுது, தப்பாகவே இருக்கட்டும், அப்புறம் அதனிடம் காட்டி எங்கே தப்பு என்று கேள். முதலிலேயே விடையை வாங்கிவிட்டால் அடுத்த தேர்வில் வெறும் தாளுக்கு முன்னால் நீ தனியாக உட்கார வேண்டியிருக்கும், அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

வகுப்பில் பாதிப் பேர் பள்ளியிலிருந்தே கோடு எழுதுகிறார்கள் என்றாய். இருக்கட்டும். அந்த முன்னனுபவத்தின் பலன் முதல் இரண்டு செமஸ்டருக்குத்தான். டிஸ்கிரீட் மேத்ஸ், அதாவது கணினிக்கு அடிப்படையான கணக்குப் பாடம், வரும்போது அவர்களும் புதிதாகத்தான் தொடங்க வேண்டும், அந்தப் பாடத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதே. ரிகர்ஷன் (ஒரு நிரல் தன்னையே திரும்ப அழைப்பது) புரியவில்லை என்கிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் இண்டக்‌ஷன்தான் புரிந்திருக்காது. முதல் எண்ணுக்குச் சரி, ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று காட்டி எல்லாவற்றுக்கும் நிரூபிப்பதுதான் அது, இரண்டும் ஒரே யோசனை.

அடுத்த வருடம் உனக்குக் கோட்பாட்டுப் பாடம் ஒன்று வரும், அதற்காக நான் உன்னைவிட ஆவலாக இருக்கிறேன். கணித மேதை ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிற விஷயம் அது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று சரியாகச் சொல்லிவிடுகிற ஒரு பொது நிரலை யாராலும் எழுதவே முடியாது. இன்றைய மாதிரி ஒரு கணினிகூட இல்லாத காலத்தில் அதை யோசித்தே நிரூபித்திருக்கிறார்கள். நான் இதைப் பரீட்சைக்காகப் படித்து மறந்துவிட்டேன், முப்பது வயதுக்கு மேல் திரும்பப் படித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அந்த நிரூபணத்தை நீ எனக்குச் சொல்லித் தர வேண்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இதெல்லாம் சொன்ன பிறகும், இந்த செமஸ்டர் முடிந்து உனக்கு இது பிடிக்கவில்லை என்றால் வேறு துறைக்கு மாறலாம், நானும் அப்பாவும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். பிடிக்கவில்லை என்று சொல். வராது என்று சொல்லாதே, அதை முடிவு செய்கிற அளவுக்கு நீ இன்னும் இதைப் பார்க்கவில்லை.

சரி, அந்த நாலு கட்டத்தை வரைந்ததும் தாளைப் படம் எடுத்து அனுப்பு. அடித்துத் திருத்திய தாளே போதும், புதிதாக எழுத வேண்டாம்.

அம்மா