கிழக்கு வேலிக்கு 31 கால்

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்கிறாள் உன் அம்மா. அந்த மைக் பொத்தானை அமுக்கியதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படி.

கிழக்கு வேலிக்குக் கால் போட்டு முடித்தாயிற்று. 300 அடிக்கு, பத்தடிக்கு ஒன்று வீதம் 31 கால். நீ அனுப்பிய பணத்தில் ரெடிமேடு கால் வாங்கவில்லை. கோபப்படாதே. இரண்டு வருடம் முன்பு ஆட்டுப்பட்டிக்கு வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? வண்டியிலிருந்து இறக்கும்போதே நாலு கால் நடுவில் ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் பார்த்தால் கட்டுக்கம்பியைவிடக் கொஞ்சம் தடிமனாக இரண்டு கம்பி, அதுவும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. விற்றவரைக் கேட்டால், எங்களுக்கு இறக்கத் தெரியவில்லை என்றார். சரி, கல்லுக்கால் வாங்கலாம் என்று விசாரித்தேன். கல்லின் விலையும் வண்டி வாடகையும் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். குழியிலேயே வார்த்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். தூக்க வேண்டாம், இறக்க வேண்டாம். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே வார்த்தால் நின்றுகொள்ளும்.

அச்சுக்குக் காசு செலவில்லை. போன வருடம் போர் போட்டோமே, 800 அடிக்கும் வெறும் புகை. அதில் மீந்த நீலக் கேசிங் பைப் ஒன்று, 20 அடி, தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது. அந்தப் போரில் நான் கண்ட லாபம் இந்தப் பைப்தான். அதை ஐந்தடி வீதம் நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் கிரைண்டரில் நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். இரண்டு பாதியையும் சேர்த்து நாலு இடத்தில் கம்பியால் முறுக்கிக் கட்டினால் அச்சு. உள்ளே டிராக்டரில் மாற்றிய கழிவு ஆயிலைத் துணியால் தடவிவிட்டால் கான்கிரீட் ஒட்டாது. நாள் ஒன்றுக்கு நாலு கால், மறுநாள் காலை அச்சைப் பிரித்து அடுத்த நாலு குழிக்குப் போவது என்று கணக்கு.

குழி போட மெஷினை வாடகைக்கு எடுத்தோம். ஒன்பது இஞ்ச் அகலம், இரண்டடி ஆழம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே ஓரடி செம்மண் வெண்ணெய் மாதிரி போனது. அதற்குக் கீழே சுக்கான் கல். மெஷின் துள்ளியதே தவிர இறங்கவில்லை. மிச்சத்தைக் கடப்பாரையால்தான் எடுத்தோம். அடியில் மட்டும் பானை வயிறு போல அகட்டிவிடச் சொன்னேன். அப்படி வார்த்த காலை மேலே பிடுங்க முடியாது. பிடுங்க முடியாது என்பது எவ்வளவு உண்மை என்று நாலே நாளில் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

கம்பி விஷயத்தில் நீ சொன்னபடியே செய்தேன். 8 எம்எம் கம்பி மூன்று, முக்கோணமாக நிறுத்தி, 6 எம்எம் ரிங் போட்டுக் கட்டியது. கம்பி பைப்பின் ஓரத்தில் படாமல் இருக்க, ஓரிஞ்ச் கனத்தில் சிமென்ட் பிஸ்கட் வார்த்து அங்கங்கே கட்டினோம். அதை வார்க்க உன் அம்மாவின் முறுக்கு டப்பா மூடி போயிற்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. குழியில் முதலில் இரண்டு இஞ்ச் கலவை போட்டு, அதன் மேல்தான் கம்பிக்கூட்டை நிறுத்தினோம். கம்பி மண்ணில் பட்டால் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும், துரு ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கும் என்று நீ சொன்னதைக் கொத்தனாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பட்டியில் வெடித்து நிற்கும் பழைய காலைக் காட்டியதும் தலையை ஆட்டினார்.

முதல் வருடம் லீவுக்கு வந்தபோது ஒரு கதை சொன்னாய். பாரிசில் ஜோசப் மோனியே என்று ஒரு தோட்டக்காரர், செடித்தொட்டி உடைந்துகொண்டே இருக்கிறது என்று சிமென்ட்டுக்குள் இரும்புவலை வைத்து வார்த்து, 1867-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார் என்று. அந்த மனுஷனை நினைத்துக்கொண்டேதான் கம்பி கட்டினேன். உங்கள் இன்ஜினியரிங்குக்கு வழி காட்டியதில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஆளும் ஒருவர் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. மூட்டை அளவுக்கு ஒரு பெட்டி அடித்து, ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம் சாண்ட், மூன்று பெட்டி அரை இஞ்ச் ஜல்லி. ஒரு மூட்டையில் இரண்டு கால் வருகிறது. ஒரு கால் 130 கிலோவுக்குக் குறையாது.

இதுவரை சரி. தண்ணீரில்தான் கோட்டை விட்டேன்.

மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். முதல் நாள் அந்தக் கலவை கட்டியாக இருந்தது. ஐந்தடி பைப்புக்குள் சட்டி சட்டியாகப் போட்டுக் கம்பியால் குத்தி இறக்குவதற்குள் கை விட்டுப்போனது. கொத்தனார் 'இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க, தானா எறங்கும்' என்றார். நானும் பெயிண்ட் வாளியில் முழுசாக இரண்டு வாளி ஊற்றிவிட்டேன். நாற்பது லிட்டர். பால் மாதிரி இறங்கியது. எவ்வளவு சுலபம், இந்தப் பிள்ளை எதற்கு இவ்வளவு பயமுறுத்தினாள் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை பனியில் போய்ப் பிரித்தோம். கம்பியை அறுத்து, பைப்பை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் பாதி கழன்று வருகிறது. உள்ளே கரும்பச்சைச் சாம்பல் நிறத்தில், ஈரமாக, தொட்டால் சில்லென்று நிற்கிறது கால். இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் பிளேடு போல ஒரு மெல்லிய கோடு. சாக்கால் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உச்சியில் நகத்தால் கீறினேன். சுண்ணாம்புச் சுவர் மாதிரி பொடி வந்தது. ஜல்லியெல்லாம் கீழே இறங்கி, மேலே ஓரடிக்கு வெறும் பால்தான் நின்றிருக்கிறது. நாலில் இரண்டு ரொம்ப மோசம். மூன்று நாள் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இறுகிவிடும் என்று ஒரு ஆசை. நாலாம் நாள் சம்மட்டியால் லேசாகத் தட்டியதற்கு உச்சி கையோடு வந்துவிட்டது.

சரி, பிடுங்கி வேறு வார்க்கலாம் என்று நானும் ஆளும் கடப்பாரையோடு இறங்கினோம். மத்தியானம் வரை குத்தி ஒரு பக்கம்தான் தோண்ட முடிந்தது. மேலேதான் சுண்ணாம்பு. கீழே குழிக்குள் அது சுக்கானைக் கவ்விக்கொண்டு ஒரே பாறையாகிக் கிடந்தது.

அப்போது வரப்பில் உன் பெரியப்பா வந்து நின்றான். வைகாசியில் வண்டித்தடம் போடுகிறேன் என்று ஜேசிபி விட்டு நம் கிளுவை வேலியை 300 அடிக்கும் பெயர்த்தானே, அதிலிருந்து ஏழு மாதமாகப் பேச்சில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவன், "ஏண்டா, அதக் குத்தியே சாகப்போறயா? இரு, டிராக்டரக் கொண்டாறேன்" என்று போய்விட்டான்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடமே நேற்றுத்தான் சொன்னேன்.

ஜேசிபி கிளுவையைப் பெயர்த்தபோது வடக்கு மூலையில் வேருக்கடியில் அளவுக்கல் வெளியே தெரிந்தது. அசையாமல் அதன் இடத்திலேயே இருந்தது. தெற்கு மூலைக் கல் நமக்குத் தெரிந்ததுதான். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டுக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். கிளுவை நின்றது அண்ணன் நிலத்தில் ஒன்றரை அடி உள்ளே. அதை நட்டது அப்பாரு. மேய்ச்சல் கொறங்காடு முழுக்க ஒன்றாக இருந்த காலத்தில், மாடு மேய வசதியாக அவர் போக்கில் குச்சி ஊன்றிக்கொண்டே போனவர். பின்னால் பாகம் பிரித்தபோது கிளுவையையே எல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். யார் மேலும் தப்பில்லை. ஆனால் தெரிந்த பிறகு நான் செய்தது தப்பு. கல்லின் மேல் மண்ணைத் தள்ளி மூடினேன். வேலியைப் பெயர்த்தவன்தானே என்று ஒரு காந்தல். முதல் நாலு காலையும் பழைய வரிசையிலேயே, அவன் நிலத்தில்தான் வார்த்தேன்.

டிராக்டர் வந்தது. காலுக்குச் சங்கிலி மாட்டி இழுத்தான். முதலில் பின்சக்கரம் மண்ணைச் சீய்த்ததே தவிர கால் அசையவில்லை. மறுபடி கொஞ்சம் தோண்டி, நனைத்து, இழுத்ததில் தொப்பென்று வந்தது. அடியில் செம்மண்ணும் சுக்கானும் ஒட்டி, பெரிய கருணைக்கிழங்கு மாதிரி. அவன் இறங்கி வந்து அதைக் காலால் உருட்டிப் பார்த்து, "அடி நல்லாத்தான் போட்டிருக்கறே, தலைதான் சொத்தை" என்றான். அவன் நிலத்தில் நான் ஊன்றிய காலை அவன் டீசலிலேயே இழுத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. "அண்ணா, இங்கெ வா" என்று கூட்டிப்போய் மூலையில் மண்ணை விலக்கிக் காட்டினேன்.

துண்டால் கல்லின் தலையைத் துடைத்தான். தெற்குப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "அப்ப மீதி ரெண்டையும் புடுங்கிரலாம்" என்றான். அவ்வளவுதான். தேறியிருந்த அந்த இரண்டு காலையும் அன்று சாயங்காலமே பிடுங்கினோம்.

கணக்கு என்று பார்த்தால் 450 சதுர அடி, ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல். நாளைக்கு உனக்கு வர வேண்டிய நிலம். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் நீயும் இதைத்தான் சொல்லியிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டு அளவுக்கல்லுக்கும் நூல் கட்டி, அண்ணன் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவிக் குழி குறித்தோம். அதன் பிறகு மூட்டைக்கு ஒரு வாளி தண்ணீர், மணல் காய்ந்திருந்தால் மட்டும் கால் வாளி கூட. கை வலித்தாலும் குத்திக் குத்தித்தான் இறக்கினோம். குழி நிறைந்ததும் ஆறவிடாமல் அச்சை மேலே நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, மூன்று பக்கம் முளையடித்துக் கயிறு கட்டி, உடனே மேல் கலவையைப் போட்டுவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து போட்டால் தரைமட்டத்தில் ஜாயின்ட் விழும். மாடு உரசினால் அங்கேதான் ஒடியும். சாப்பாடு வயலுக்கே வந்தது, சில நாள் பெரியம்மா கையால்.

முள்கம்பி கட்ட நான் ஒரு யோசனை செய்தேன், உனக்குப் பிடிக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடுக்கில் அடிக்கு ஒன்றாக ஐந்து ஜிஐ கம்பித் துண்டைச் செருகி, வால் வெளியே நீட்டியிருக்கும்படி வார்த்தேன். ஓட்டை போட வேண்டாம், கொக்கி வேண்டாம். முள்கம்பியை வைத்து அந்த வாலால் முறுக்கிவிட்டால் முடிந்தது. மூலைக்கால் இரண்டுக்கும் மூன்றடிக் குழி. இழுவை அவற்றின் மேல்தானே விழும், அதனால் பழைய கல்லுக்காலைச் சாய்வாக முட்டுக் கொடுத்திருக்கிறேன். வீணான நாலையும் சேர்த்து மொத்தம் 18 மூட்டை ஆனது.

இப்போது தினமும் காலை, மாலை சாக்கைச் சுற்றித் தண்ணீர் விடுகிறேன். பத்து நாள் என்று நீ சொன்னாய். பதினைந்து நாள் விடப்போகிறேன். வெயில் இல்லாத மார்கழியில் காய்வதே இல்லை, பிறகு எதற்கு ஊற்றுகிறாய் என்று அண்ணன் கேட்டான். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் இறுகுகிறது என்று உன் பாடத்தை ஒப்பித்தேன். மறுநாள் விடிவதற்குள் அவனே ஓஸ் பைப்போடு நின்றான். கால்களின் உள்பக்கமாகப் புதுக் கிளுவைக் குச்சியும் ஊன்றலாம் என்கிறான். பார்க்கலாம், அடுத்த புரட்டாசி மழை வரட்டும்.

கம்பி இழுப்பதை மட்டும் 28 நாள் ஆகட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். தை பிறந்து மூன்று நாலு நாளில் கணக்கு முடிகிறது. பொங்கலுக்கு வந்தால் ஒரு வாரம் லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு வா. இழுக்கிற மெஷின் பெரியப்பாவிடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து ஏழாவது கால் அரை இஞ்ச் சாய்ந்திருக்கிறது. ராத்திரி செவலைக் கிடாரி அவிழ்த்துக்கொண்டு வந்து முளைக்கயிற்றில் கழுத்தை உரசியிருக்கிறது. சாய்ந்தது பெரியப்பா பக்கம். அவன் இன்னும் கவனிக்கவில்லை. நீ வந்ததும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றுவிடாதே.

அன்புடன்,
அப்பா