ஜன்னல் கம்பியின் நிழல்

திருச்சி
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டு வலி, கம்பி விலை, சின்னவள் வேலையில் சேர்ந்தது எல்லாம் படித்தேன். அவளுக்கு என் ஆசியைச் சொல். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய்: "உனக்குத்தான் த்ரீ டி வருதாமே, நம்ம பார்ட்டி ஒருத்தருக்கு எலிவேஷன் போட்டுத் தர்றியா? முன்னாடி ரெண்டு தென்னை, ஒரு வெள்ளைக் கார் வச்சிரு." எலிவேஷன், அதாவது நீ கட்டப்போகிற வீட்டின் முகப்புப் படம். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு எவ்வளவு வரும், எவ்வளவு வராது என்பது முதலில் உனக்குத் தெரியட்டும்.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஆரம்பித்த கூத்து இது. பையன் விட்டுப்போன பழைய லேப்டாப், த்ரீ டி படம் செய்கிற பிளெண்டர் என்கிற மென்பொருள். காசு கிடையாது. 2002-ல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டோன் ரூசண்டால் என்ற டச்சுக்காரர், ஊர்த் திருவிழாவுக்கு வரி பிரிப்பது போல உலகம் பூராவும் பிரித்தார். ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. அதைக் கொடுத்து உரிமையை மீட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் என் பொழுது போகிறது.

முதலில் ஆசைக்கு நீச்சல் குளத்தோடு ஒரு பங்களா கட்டினேன். பார்த்தால் பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வீடு எங்குமே இல்லை. சரி, உட்கார்ந்திருக்கிற அறையையே செய்வோம் என்று முடிவு செய்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி, மொசைக் தரை, மேற்கே ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட். திரையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால் அசல் இருக்கிறது. "இருக்கிற ரூமை எதுக்கு வரையணும், போட்டோ எடுத்தா போச்சு" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்விதான். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தப்புகளைச் சொன்னால் நீ சிரிப்பாய். பத்தடி என்று நினைத்துக்கொண்டு பத்து என்று அடித்தேன். மென்பொருள் அதை மீட்டராக எடுத்துக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் ஒற்றைக் கட்டில் கிடந்தது. அப்புறம் சுவரின் வெள்ளை. வெள்ளை என்றால் வெள்ளைதானே என்று நூற்றுக்கு நூறு வைத்தேன். அப்படிச் சுவர் உலகத்தில் கிடையாது. நல்ல வெள்ளைப் பெயிண்ட்கூட விழுகிற வெளிச்சத்தில் எண்பது சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், மீதியைத் தின்றுவிடும். நூறு வைத்தால் வெளிச்சம் சாகாமல் சுவருக்குச் சுவர் ஓடிக்கொண்டே இருக்கும். மூலை, முடுக்கு, கட்டிலடி எல்லாம் ஒரே பால் வெள்ளை.

சுவர் கதை இன்னும் இருக்கிறது. பட்டி பார்த்தபிறகு உங்கள் மேஸ்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்து மேடு பள்ளம் பார்ப்பாரே, அது நினைவுக்கு வந்தது. என் சுவரில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண்ணாடி மட்டம். அதனால்தான் சுவராகத் தெரியவில்லை. நீ கூலி கொடுத்து மட்டம் பார்க்கிற சுவரை நான் இரண்டு நாள் உட்கார்ந்து கோணலாக்கினேன்! கதவு நிலை, மேஜை, சுவிட்ச் போர்டு எல்லாவற்றின் விளிம்பையும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மழுக்கினேன். கத்தி மாதிரி விளிம்பு நிஜத்தில் எதற்கும் இல்லை. அந்த மழுங்கல் மேல் ஒரு கோடு வெளிச்சம் ஓடியதும் மேஜை மரமாகிவிட்டது.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று கேட்பாய். வெளிச்சம் எப்படிப் பட்டுத் தெறித்து நம் கண்ணுக்கு வருகிறது என்பதை 1986-ல் ஜேம்ஸ் கஜியா என்பவர் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். அதை நேராகத் தீர்க்க முடியாது, குருட்டாம்போக்கில் மாதிரி எடுத்துத்தான் தீர்க்கவேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கதிரை விட்டு, அது எங்கெங்கே முட்டுகிறது என்று கணினி பின்னோக்கிப் பார்க்கும். கதிர் குறைந்தால் படம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளி. அந்தப் புள்ளியைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும். இந்தக் கணக்கில்தான் நாங்கள் சாகிறோம். என் லேப்டாப் ஒரு படத்துக்கு ராத்திரி முழுக்க ஓடும். ஒருநாள் விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அன்றைக்கு நான் பேசியதைக் கடிதத்தில் எழுத முடியாது.

புள்ளியைத் துடைக்கவே டிநாய்சர் என்று ஒன்று உண்டு. போட்டேன். சுவரெல்லாம் பளிச். தரையைப் பார்த்தால் மொசைக்கைக் காணோம்! கல் சில்லு ஒவ்வொன்றையும் புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. எது நிஜமான நிறம் என்று தனியே ஒரு படம் சேர்த்துக் கொடுத்தால் அது ஒழுங்காக இருக்குமாம். நான் கொடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது நிழல். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுகிற மாதிரி வைத்திருந்தேன். திண்டின் மேல் கம்பி நிழல் கோடு கிழித்தாற்போல் விழுந்தது. தரையில் சாம்பலாகக் கலங்கிக் கிடந்தது. எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்று இரண்டு நாள் தேடினேன். சூரியனுக்கான அளவு 0.526 பாகை என்று மென்பொருளே வைத்திருந்தது. மூன்றாம் நாள் நாலு மணிக்கு அலுத்துப்போய்த் தலையைத் திருப்பினேன். என் அறைத் தரையிலும் நிழல் அப்படியேதான் கலங்கிக் கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதே அறை, இதே நாற்காலி.

சூரியன் புள்ளி இல்லை, தட்டு. வானத்தில் அரைப் பாகைக்குச் சற்று அதிக அகலம். அதனால் ஒரு மீட்டர் தள்ளி விழுகிற நிழலின் ஓரம் ஒன்பது மில்லிமீட்டருக்கு மங்கும். நம் ஜன்னல் கம்பி 12 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 1.3 மீட்டரோடு அதன் முழு நிழல் தீர்ந்துபோகிறது. அதற்கு அப்பால் இருந்து பார்த்தால் கம்பியால் சூரியனை முழுசாக மறைக்க முடியாது, இரண்டு பக்கமும் பிதுங்கும். 2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? சூரியன் வளையமாகத் தெரிகிற கங்கண கிரகணம். நீ இங்கே வந்திருந்தாய். காலை ஒன்பதரை வாக்கில் வேப்பமரத்தடியில் சிமெண்டுத் தரை பூராவும் வளையல் வளையலாக வெளிச்சம் கிடந்தது. உன் தங்கச்சி மாவுச் சல்லடையை எடுத்துவந்து பிடித்தாள். அன்றைக்கு நிலா பட்ட பாடும் இதேதான். அதன் முழு நிழல் பூமிவரை எட்டவில்லை. என் வீட்டு ஜன்னலில் தினமும் நாலு மணிக்கு நடக்கிற காரியத்தைப் பார்க்க அன்றைக்கு ஊரே மொட்டைமாடி ஏறியது.

வெயிலைப் பற்றி இன்னொன்று, இது உன் தொழிலுக்கும் ஆகும். வானத்தைப் படமாக எடுத்து இலவசமாகத் தருகிறார்கள். அதைச் சுற்றி மாட்டினால் வெளிச்சம் தானாக வரும். நானும் மாட்டினேன். வீடு அழகாகத்தான் இருந்தது, ஆனால் நம்மூர் வீடாக இல்லை. நான் எடுத்தது ஏதோ குளிர் நாட்டு வானம், வெயில் சாய்வாக வருகிறது. இங்கே உச்சி வெயில் நேரே இறங்கும், சன்ஷேடு நிழல் சுவரில் பாதிக்குமேல் நீளும். ஏப்ரல் மூன்றாம் வாரம் திருச்சிக்கு நேர் மேலே வருகிற சூரியன், அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மத்தியானத்தில் வடக்கே நிற்கிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று உன் பார்ட்டிகளிடம் அடித்துச் சொல்வாயே, இனிமேல் கொஞ்சம் யோசித்துச் சொல். இப்போது நான் வானப்படம் மாட்டுவதில்லை. ஊரின் அட்சரேகை, தேதி, மணி கொடுத்தால் சூரியனை அந்த இடத்தில் வைக்கிற இணைப்பு ஒன்று பிளெண்டருக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, உன் எலிவேஷன். போட்டுத் தருகிறேன். ஆனால் பிளானில் வடக்கு எது என்று சரியாகக் குறித்து அனுப்பு, வாஸ்துவுக்காகத் திருப்பின வடக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவர் எத்தனை அடி உயரம், எவ்வளவு தள்ளி? சன்ஷேடு எத்தனை அங்குலம் நீட்டுகிறாய்? ஹால் ஜன்னல் அளவு? ஏப்ரல் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு படம், காலை எட்டு மணிக்கு ஹாலுக்குள்ளே ஒரு படம். ஹால் இருட்டென்றால் படத்திலும் இருட்டாகத்தான் வரும், பார்ட்டியிடம் முன்னாலேயே சொல்லிவிடு. கார் வைக்கமாட்டேன். தென்னை அங்கே நிஜமாகவே நின்றால் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று எழுது. இல்லையென்றால் இல்லை.

ஒரு வாரம் டைம் கொடு. இங்கே இப்போது அடிக்கடி கரண்ட் போகிறது.

அன்புடன்,
உன் மாப்ள