பத்துக்குப் பத்து பள்ளி தேடும் தமிழ்ப் பெற்றோருக்கு

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒரு பிறந்தநாள் விருந்தில் நடந்த பேச்சுதான் இந்த மடலுக்குக் காரணம். நண்பர் ஒருவர் ஜில்லோ என்ற வீடு விற்பனைத் தளத்தில் ஒரு வீட்டைக் காட்டினார். வீடு நன்றாக இருந்தது, விலையும் இந்த ஊர்க் கணக்குக்குப் பரவாயில்லை. கீழே பள்ளிக்கு நேராகப் பத்துக்கு 3 என்று இருந்தது. இங்கே வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தில் (டிஸ்ட்ரிக்ட்) இருக்கிறதோ, அதன் அரசுப் பள்ளிதான் பிள்ளைக்கு. “அய்யோ, அந்த டிஸ்ட்ரிக்டா?” என்று ஒரே நேரத்தில் ஐந்து பேர் சொன்னோம். ஐவரில் ஒருவர்கூட அந்தப் பள்ளி வாசலை மிதித்ததில்லை.

அந்த எண்ணைத் தருவது கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு. கலிஃபோர்னியாவில் 3 முதல் 8ஆம் வகுப்பு வரையிலும், அப்புறம் 11ஆம் வகுப்பிலும் நடக்கும் மாநிலத் தேர்வுதான் அதற்கு முக்கியமான அடிப்படை. பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு என்று செய்தித்தாளில் தேடி வளர்ந்தவர்கள் நாம். கை தானாக அந்த எண்ணுக்குப் போகிறது. 2017இலிருந்து மாணவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆனாலும் அதைப் பிரித்துப் பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

ஸ்டான்ஃபர்டில் ஷான் ரியர்டன் என்ற பேராசிரியர் நாடு முழுக்க உள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர். சராசரி மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே ஏறி இறங்குகிறது. ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போவதற்குள் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்ற கணக்கோ அந்த வருமானத்தோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ‘மோசம்’ என்று பெயரெடுத்த சிகாகோ பள்ளிகளில், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டில் பிள்ளைகள் ஆறு ஆண்டுக்கான பாடத்தைக் கற்றிருந்தார்கள். ஆக, சராசரியை மட்டும் பார்த்து வீடு வாங்கும்போது நாம் பெரும்பாலும் வாங்குவது அக்கம்பக்கத்தாரின் சம்பளத்தை.

உதாரணம் தேடித் தூரம் போகவேண்டாம். நீங்கள் கட்டில் மேசை வாங்கப் போகும் ஐகியா இருப்பது கிழக்கு பாலோ ஆல்ட்டோவில். அந்த ஊரும், மென்லோ பார்க்கின் பெல் ஹேவன் பகுதியும் சேர்ந்ததுதான் ரேவன்ஸ்வுட் பள்ளி மாவட்டம். எட்டாம் வகுப்போடு முடிகிற சின்ன மாவட்டம். படிப்பவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். கறுப்பினப் பிள்ளைகளும் டோங்கா, சமோவா போன்ற பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். 101 ஃப்ரீவேயைத் தாண்டினால் பாலோ ஆல்ட்டோ மாவட்டம். யூனிவர்சிட்டி அவென்யூ என்ற ஒரே சாலை இரண்டையும் இணைக்கிறது. ரேட்டிங்கில் இரண்டும் வேறு வேறு கண்டம்.

இந்த இடைவெளி தானாக வந்ததல்ல. 1958இல் திறந்த ரேவன்ஸ்வுட் உயர்நிலைப் பள்ளியை 1976இல் மூடிவிட்டார்கள். பிற்பாடு அந்த இடத்தில் கடை வளாகம் வந்தது. பள்ளியை மூடிய அதே 1976இல் இரு பக்கத்துப் பெற்றோரும் சேர்ந்து, பள்ளிகள் இன அடிப்படையில் பிரிந்து கிடக்கின்றன என்று வழக்குப் போட்டார்கள். டின்ஸ்லி வழக்கு என்று பெயர். 1986இல் சமரசம் ஆனது. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் ரேவன்ஸ்வுட்டின் சின்னப் பிள்ளைகள் சிலர் குலுக்கல் முறையில் பாலோ ஆல்ட்டோ போன்ற பக்கத்து மாவட்டப் பள்ளிகளில் சேரலாம். போன பிள்ளைகளுக்கு நல்லதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் குலுக்கலுக்கு விண்ணப்பிப்பது யார்? கெடு தேதி பார்த்து, படிவம் நிரப்பி, தினமும் பேருந்தில் அனுப்பத் தயாரான பெற்றோர். முப்பது ஆண்டுக்கு மேலாக அவர்களில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டு, மீதியைச் சோதித்துப் பார்த்து “பள்ளி சரியில்லை” என்கிறோம்.

வாடகை உயர்வும் சேர்ந்துகொண்டது. 2011இல் ஃபேஸ்புக் மென்லோ பார்க்குக்கு வந்தது, பெல் ஹேவனுக்குப் பக்கத்திலேயே. 2016இல் ரேவன்ஸ்வுட் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வீடற்றவர் கணக்கில் வந்தார். வாடகை கொடுக்க முடியாமல் ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பமாக நெருக்கி வாழ்வதும் சட்டப்படி இந்தக் கணக்கில் சேரும். அந்தக் குழந்தையின் கணக்குத் தேர்வு மதிப்பெண்ணை, அறையும் மேசையும் டியூஷனும் உள்ள நம் பிள்ளையின் மதிப்பெண்ணோடு வைத்து, வித்தியாசத்தை ஆசிரியர் தலையில் கட்டுகிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ‘ஆங்கிலம் கற்போர்’ என்ற பிரிவின் மதிப்பெண் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். ஆங்கிலம் நன்றாக வந்துவிட்ட பிள்ளையை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். தேறியவர்கள் வெளியே போய்க்கொண்டே இருந்தால் உள்ளே யார் இருப்பார்கள்? ரேவன்ஸ்வுட் போன்ற இடத்தில் இந்தப் பிரிவு பெரியது. ஆக, நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலும் அட்டவணையில் கெட்ட பெயர்தான்.

இதைச் சொல்லும்போது நம் வீட்டுச் சங்கதி ஒன்றும் ஞாபகம் வருகிறது. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், ‘இங்கிலீஷ்’ என்று போட்டுவிடுங்கள் என்று வாட்ஸப்பில் அறிவுரை சுற்றுகிறதே, பார்த்திருப்பீர்கள். மூத்தவனுக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு, வார நாளில் வீட்டில் தமிழே இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். சின்னவளுக்குத் தமிழ் என்றே எழுதினேன். தேர்வு வைத்தார்கள், எழுதினாள், அதோடு முடிந்தது. ‘ஆங்கிலம் கற்போர்’ பட்டியலில், ஃப்ரீவேக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தன் பிள்ளையின் பெயர் வந்துவிடக் கூடாது என்ற பயம்தான் அது. வேறென்ன?

நான் வாங்கியதும் 9 போட்ட மாவட்டத்தில்தான். அதனால் உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமை கிடையாது. கேட்பது இவ்வளவுதான்: ரியர்டனின் அந்த ஸ்டான்ஃபர்ட் ஆய்வுக்கு ஓர் இணையதளம் உண்டு, அதில் சராசரி மதிப்பெண்ணும் கற்கும் வேகமும் தனித்தனி வரைபடமாக இருக்கின்றன. வீட்டுக்கு விலை சொல்வதற்கு முன்னால் இரண்டாவதையும் திறந்து பாருங்கள். பள்ளி சிறியதென்றால் ஓர் ஆண்டு எண்ணை நம்பாதீர்கள். வகுப்பில் நாற்பது பேர் என்றால், நாலு பேர் வீடு மாறிப் போனாலே சதவீதம் ஆடிவிடும்.

அந்த வீட்டைக் காட்டிய நண்பர் அந்த 3 போட்ட பள்ளியிடம் கேட்டுவிட்டார், சுற்றிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை, எட்டரை மணிக்கு. நானும் போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், காரில் மூன்று இடம் இருக்கிறது.

அன்புடன்,
ஐந்து குரல்களில் ஒருவன்