படத்தைப் பிள்ளைகளே எடுக்கட்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் பிள்ளைகள் ஆடிப் பாடி அசத்தினார்கள், விளையாட்டுப் போட்டியில் பரிசும் வாங்கினார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு, ஆஸ்பத்திரி, மருந்து, தெரபி பற்றி என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதைப் படமாக எடுத்து வரச் சொல்லித்தான் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் சின்னக் கேமராக்களைக் கொடுத்து அனுப்பினோம். இது ஃபோட்டோவாய்ஸ் என்ற முறை. 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் தொடங்கியது. எதை எடுப்பது, எதை மற்றவருக்குக் காட்டுவது என்பதை எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதுதான் இதன் உயிர். பேச்சு வராத பிள்ளைகூட ஒரு படத்தைத் தொட்டுக் காட்டிப் 'இங்கே வலிக்கிறது' என்று சொல்லிவிட முடிகிறது.

ஒரு பையன் தன் கணுக்காலில் ஸ்பிளிண்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) பதிந்த சிவப்புத் தடத்தை எடுத்து வந்தான். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்பிளிண்ட் அவனுக்குச் சின்னதாகிவிட்டது என்பது எங்கள் பிசியோதெரபிஸ்டுக்கே தெரிந்தது, இத்தனை நாள் அவன் நடக்க அடம்பிடிக்கிறான் என்றே நினைத்திருந்தோம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள ஒரு மாணவி, ரத்தம் ஏறும்போது தான் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் கடிகாரத்தை எடுத்தாள். சக்கர நாற்காலியில் வரும் இன்னொருவன் எடுத்தது ஓ.பி. சீட்டுக் கவுன்டரின் கீழ்ச்சுவரை மட்டும். உள்ளே இருப்பவர் முகம் அவனுக்குத் தெரிவதே இல்லையாம்.

ஆனால் பல கேமராக்களில் வந்தது தீபாவளிச் சட்டையோடு சிரிக்கும் பிள்ளை, கோயில் கோபுரம், வாசல் கோலம். பிள்ளையே எல்லாப் படத்திலும் நிற்கிறது என்றால் எடுத்தது யார்? விசாரித்தால், "அம்மா அழிச்சிட்டாங்க" என்று சைகையில் சொல்கிறார்கள். சில படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட வந்தன, வார்டில் இருந்த வேறு வீட்டுக் குழந்தைகளின் முகத்தோடு.

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளை எடுத்த படத்தை அழிக்கக் கூடாது, அவர்களுக்குப் பதிலாக நீங்கள் எடுக்கவும் கூடாது. பிள்ளை சம்மதிக்காமல் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது. தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்ல மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அந்தக் கருத்து நமக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் அது அவர்களுடையது.

ஏன் அழிக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம், பிள்ளையின் வலியைப் படமாகப் பார்க்க மனம் வராதது, இரண்டும் இருக்கும். தாங்க முடியவில்லை என்றால் பள்ளிக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கை நடுங்கும் மகனுக்காகச் சக்கர நாற்காலியில் கேமராவை மாட்ட கிளாம்ப் செய்து கொடுத்த அப்பாவுக்கும், பேத்தி கைகாட்டிய பக்கமெல்லாம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன பாட்டிக்கும் என் நன்றி.

விடுமுறை முடிந்ததும் கேமராக்கள் மறுபடியும் வீட்டுக்கு வரும். சார்ஜ் மட்டும் போட்டுக் கொடுங்கள், போதும். இவ்வளவு அலைச்சலுக்கு நடுவிலும் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்