செம்பில் காந்தம் ஒட்டாது, சரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு அறிவியல் இணைப்பில் எலக்ட்ரான் ஸ்பின் ரெசனன்ஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பொருளைக் காந்தப்புலத்தில் வைத்து, மைக்ரோவேவைப் பாய்ச்சி, அதிலுள்ள எலக்ட்ரான்களின் காந்தப் பண்பை அளக்கும் முறை அது. ‘காந்தம் ஒட்டாத உலோகத்தில் காந்தப் பண்பு என்று அளக்க ஒன்றும் கிடையாது’ என்று ஒரு வரி. போதாததற்குப் பக்கத்தில் இரத்தப் பரிசோதனைக் குழாயின் படம். அந்த இரத்தப் பரிசோதனைக்கும் இந்த முறைக்கும் சுருக்கப் பெயர் ஈ.எஸ்.ஆர். தான், அதற்காக?

எங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் பித்தளை அண்டாவில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் உள்ளே இரும்பு. அவர் வியாபாரத்துக்கு அது போதும். உங்கள் கட்டுரையாளருக்கும் போதும் போலிருக்கிறது.

22 வருடம் இந்த ஈ.எஸ்.ஆர். கருவியோடு கிடந்தவன் நான். உலோகத்துக்குள் திரியும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலும் எதிரும் புதிருமாக ஜோடி சேர்ந்து அடங்கிவிடும், மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தின் சிக்னலைத்தான் 1952-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சோடியத்தில் பிடித்தார்கள். அடுத்த சில வருடங்களில் அமெரிக்க இயற்பியலாளர் சிலிக்டரின் குழுவினர் லித்தியத்தில் எலக்ட்ரான் சிக்னலின் பரப்பை அணுக்கருச் சிக்னலோடு ஒப்பிட்டு, காந்த ஏற்புத்திறனையே, அதாவது வெளிக் காந்தப்புலத்தில் அந்த எலக்ட்ரான்கள் எவ்வளவு காந்தமாகின்றன என்பதையே, அளந்துவிட்டார்கள். தாங்கள் அறியாததல்ல.

செம்பில் மைக்ரோவேவ் ஒரு மைக்ரான்கூட உள்ளே போகாது. அதனால் அரத்தால் ராவிப் பொடியாக்குவோம். ஒருமுறை பொடியைக் குவார்ட்ஸ் குழாயில் போட்டுக் கருவிக்குள் வைத்தால், பெரிதாக, அகலமாக ஒரு சிக்னல்! டீ, வடை வாங்கிக் கொண்டாடிவிட்டோம். கடைசியில் பார்த்தால் அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள். எங்கள் ஆய்வகப் பெரியவர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளைக் காட்டிக்கொடுத்ததும் இதே கருவிதான், ஐயா.

சொல்லப்போனால் அறிவியலை இப்படி நடத்துவது உங்களுக்குப் புதிதல்ல. முன்பு செட்டிநாட்டுச் சிறப்பிதழ் போட்டீர்கள்: கோழி, ஆத்தங்குடிக் கல், அரண்மனை வீடு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் இங்கே திறந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரு வரி கிடையாது. அப்போதும் எழுதினேன். மூன்று பக்கக் கடிதத்தில், போகிற போக்கில் கந்தரப்பம் பற்றிச் சொன்ன வரியை மட்டும் அச்சிட்டீர்கள். நன்றி.

அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். இடமில்லை என்பீர்கள். அந்த இரத்தக் குழாய்ப் படம் போட்ட இடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
காரைக்குடி